கைகழுவச் சொன்ன பெருந்தகை

மகப்பேற்றுக்கென வைத்தியசாலை சென்ற பெண்ணொருத்தி, பிள்ளையைப் பெற்றுச் சில நாளிற் காய்ச்சல் கண்டு மாண்டுபோவது ஐரோப்பிய நகரங்களில் ஒரு காலத்திற் பெருவழக்காயிருந்தது. பிரசவக் காய்ச்சல் என்று அதற்குப் பெயரிட்டார்கள், காரணம் அறிந்தாரில்லை. கையைத் தூய்மை செய்வதனாலேயே அதனைப் பெரிதும் தடுக்கலாம் என்று செய்து காட்டியவர் ஹங்கேரி நாட்டு வைத்தியர் இக்னாஸ் செம்மல்வைஸ். அப்பெயரின் முற்பகுதி நம் செவிக்குச் செம்மல் என ஒலிப்பது தற்செயலே. ஆயினும் அச்சொல்லுக்கு அவர் முற்றும் உரியவர் என்பது என் கருத்து. நோயாளரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குச் செல்லும் ஒவ்வொருவரும் அவர் வரலாற்றை அறிந்திருத்தல் நன்று.

இன்று புடாபெஸ்ட் எனப்படும் நகரின் ஒரு பகுதியாகிய புடாவில், 1818ஆம் ஆண்டு யூலை மாதம் 1ஆம் திகதி, பலசரக்கு வணிகர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். சட்டம் பயில 1837இல் வியன்னா சென்றவர், விரைவிலே அதனை விடுத்து வைத்தியம் பயிலலானார். 1844இற் பட்டம் பெற்றார். 1846 யூலையில் வியன்னாப் பொது வைத்தியசாலையின் முதலாம் மகப்பேற்றுப் பிரிவிலே பேராசிரியர் கிளைன் என்பவருக்கு உதவியாளராய் அமர்ந்தார்.

அவ்வைத்தியசாலையில் மகப்பேற்றுப் பிரிவுகள் இரண்டு இருந்தன. முதலாம் பிரிவில் வைத்திய மாணவர் பயின்றனர். இரண்டாம் பிரிவில் மருத்துவமாதர் பயின்றனர். இரு பிரிவுகளும் முறைவைத்துப் பெண்களை ஏற்றன. 1846ஆம் ஆண்டில் முதலாம் பிரிவிலே பிள்ளை பெற்ற 4,010 தாய்மாருள் 459 பேர் இறந்தனர். இரண்டாம் பிரிவிலே 3,754 பேருள் 105 பேரே இறந்தனர். ஒரே கூரை, ஒரே நகரம், ஒரே காற்று; சாவில் மட்டும் நான்கு மடங்கு வேறுபாடு. இது நகரத்துப் பெண்கள் அறியாததன்று. முதலாம் பிரிவின் முறைநாளில் வந்து சேர்ந்தவர்கள், தம்மை மற்றைப் பிரிவுக்கு அனுப்புமாறு முழந்தாளிட்டு மன்றாடினார்கள். வழியிலேயே பிள்ளையைப் பெற்றுப் பின்னர் வந்த ஏழைப் பெண்களோ, முதலாம் பிரிவிலே பெற்றவர்களைவிடக் குறைவாகவே நோயுற்றனர்.

பிறர் விதியென்று விட்டதை இளைஞரான செம்மல்வைஸ் விடவில்லை. இரு பிரிவுகளுக்குமுள்ள வேறுபாடுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார். இறக்குந் தறுவாயிலுள்ளோர்க்கு இறுதிச் சடங்கு செய்யச் செல்லும் குருவானவரின் மணியோசை தாய்மாரை அச்சுறுத்துகிறதோ என ஐயுற்று, அவர் ஒலியின்றி வேறு வழியாற் செல்ல ஏற்பாடு செய்தார். பிரசவத்தின்போது பெண்கள் படுக்கும் நிலையையும் மாற்றிப் பார்த்தார். சாவு குறையவில்லை.

1847 மார்ச்சில் அவருடைய நண்பரும் சட்டவைத்தியப் பேராசிரியருமான கொலெட்ச்கா இறந்தார். பிணப் பரிசோதனையின்போது மாணவனொருவனின் கத்தி அவர் விரலைக் கீறியதே காரணம். அவரது உடலிற் காணப்பட்ட மாற்றங்களைப் படித்த செம்மல்வைஸ் திடுக்குற்றார். பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மாரின் உடலில் அவர் நாள்தோறும் கண்ட மாற்றங்களே அவை! பிணத்திலிருந்த நச்சுப்பொருள் கத்திவழி நண்பரைக் கொன்றது. அதே பொருள் கைவழி தாய்மாரைக் கொல்கிறது என்று உணர்ந்தார். வைத்தியரும் மாணவரும் காலையிற் பிணங்களை அறுத்துச் சோதித்துவிட்டு, அதே கைகளோடு தாய்மாரைத் தொட்டுப் பார்த்தனர். மருத்துவமாதர் பிணத்தைத் தொடுவதில்லை. வேறுபாட்டின் மறைபொருள் இதுவே.

இழவு வீட்டுக்குச் சென்று வந்தவர் முழுகியபின்பே தம் வீட்டினுட் புகுவது நம்மவர் வழக்கம். இதனை வைத்துக்கொண்டு நம் முன்னோர் கிருமியை அறிந்திருந்தார்கள் என்று பெருமை பேச நான் துணியேன். துடக்கு வேறு, தொற்று வேறு. ஆயினும் பிணமனையிலிருந்து நேரே பிள்ளைப்பேற்று அறைக்குச் செல்வதன் பொருந்தாமை நமக்கு எளிதில் விளங்கும். வியன்னாவின் பேரறிஞர்க்கு அது விளங்கவில்லை.

சவர்க்காரத்தாற் கழுவிய பின்னும் கையிற் பிணவாடை நின்றது. வாடை நிற்குமாயின் நஞ்சும் நிற்கும் எனக் கருதிய செம்மல்வைஸ், வெளிற்றுந் தூள் கரைத்த நீரிற் கைகளைக் கழுவிய பின்பே தாய்மாரைத் தொடவேண்டும் என்று 1847 மே மாத நடுப்பகுதியில் விதித்தார். ஏப்பிரிலில் நூற்றுக்குப் பதினெட்டாயிருந்த சாவு, யூனில் நூற்றுக்கு இரண்டளவாகவும் யூலையில் ஒன்றளவாகவும் இறங்கியது. 1848ஆம் ஆண்டின் மார்ச், ஒகஸ்ட் ஆகிய இரு மாதங்களில் ஒரு தாயேனும் இறந்திலள்.

இடையே கொடிய பாடம் ஒன்றும் கிடைத்தது. 1847 ஒக்டோபரிலே கருப்பையிற் புற்றுநோயுற்ற பெண்ணொருத்தி வரிசையின் முதற் கட்டிலிற் கிடந்தாள். வைத்தியர் உள்ளே நுழையும்போது மட்டுமே கைகழுவினர். அவளைச் சோதித்த பின்னர் வெறுஞ் சவர்க்காரத்தோடு அடுத்தவர்களைத் தொட்டனர். அவளுடன் பிள்ளைபெற்ற பன்னிருவருட் பதினொருவர் இறந்தனர். உயிரோடிருப்பவரின் புண்ணும் நஞ்சைத் தரும் என்று அன்று விளங்கிற்று. அதன்பின் ஒருவரைத் தொட்டு மற்றொருவரைத் தொடுமுன் கைகழுவல் வேண்டும் என்பது விதியாயிற்று.

இவ்வளவு தெளிவான உண்மையை உலகம் ஏன் ஏற்கவில்லை என்று என் மாணவர் கேட்பதுண்டு. ஏற்பதானால், என் கைகளாலேயே இத்தனை தாய்மார் மாண்டனர் என்று ஒவ்வொரு வைத்தியரும் ஒப்பவேண்டியிருந்தது. செம்மல்வைஸ் தம்மளவில் அதை ஒப்பினார். தாமும் பலருக்கு எமனாய் இருந்ததை வெளிப்படையாக எழுதினார். அத்துணை நெஞ்சுரம் யாவர்க்கும் வாய்ப்பதன்று. கிருமிகளே நோய்க்குக் காரணம் என்னும் கொள்கை அன்று நிலைபெற்றிராமையும் அவருக்கு இடையூறாயிற்று.

அவர்பாலும் ஒரு குறையுண்டு. சொல்லை ஆளும் தொழிலிலிருப்பவன் ஆதலின் அது என் கண்ணுக்கு முதலிற் புலப்படுகிறது. கண்ட உண்மையை அவர் உடனே எழுதி வைக்கவில்லை. நண்பர்களே அவருக்காக எழுதினர். 1849இற் பதவி நீடிக்கப்படாமற் போக, 1850இல் நண்பர்க்கும் சொல்லாது வியன்னாவை விட்டுப் பெஸ்ட் நகர் சென்றார். அங்கே புனித ரோக்கஸ் வைத்தியசாலையில் 933 பிரசவங்களுள் எட்டுத் தாய்மாரே இக்காய்ச்சலால் இறந்தனர். அவரது பெருநூல் வெளிவந்ததோ 1861இல். கண்டுபிடித்துப் பதினான்கு ஆண்டுகளின் பின்! மறுத்த பேராசிரியர்களைக் கொலைஞர் என்று சாடிப் பகிரங்கக் கடிதங்களும் எழுதினார். நெஞ்சிற் கனன்ற வேதனை அது. ஆயின் சுடுசொல், கேட்கவேண்டியவரின் செவியை அடைத்துவிட்டது.

நாளடைவில் அவர் மனநிலை குலைந்தது. 1865 யூலை இறுதியில், புதியதோர் ஆஸ்பத்திரியைப் பார்க்கலாம் எனச் சொல்லி அழைத்துச் சென்று, வியன்னாவின் மனநோயாளர் விடுதியில் விட்டார்கள். இரு வாரத்துள், ஒகஸ்ட் 13ஆம் திகதி, நாற்பத்தேழாம் வயதில் மாண்டார். கையிற் பட்ட புண் புரையோடி, இரத்தம் நஞ்சாகியதே காரணம் என்பர். வாழ்நாளெல்லாம் எதனை எதிர்த்தாரோ அதுவே அவரையுங் கொண்டுபோயிற்று. கைகழுவுதல் என்பதற்கு நம் வழக்கிற் கைவிடுதல் என்றும் பொருளுண்டு. கைகழுவச் சொன்னவரை உலகம் கைகழுவியது.

அவர் இறந்ததற்கு முந்திய நாளிலேதான் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர், புண்ணுக்குக் காபாலிக் அமிலம் இட்டுக் கட்டும் தம் முறையைச் சிறுவன் ஒருவனின் முறிந்த காலிலே தொடங்கியிருந்தார். 1879இல் பிரசவக் காய்ச்சலின் கிருமியைப் பஸ்ரர் பாரிசிலே எடுத்துக்காட்டினார். 1969இல் புடாபெஸ்டின் வைத்தியப் பல்கலைக்கழகம் செம்மல்வைஸின் பெயரைச் சூடிக்கொண்டது.

வாசகர்களே, நோயாளரைப் பார்க்கப் போவது நம்மிடையே தவறாத கடமை. பழமும் பாலும் கொண்டு குடும்பத்தோடு செல்கிறோம். அக்கடமையைக் கேடின்றிச் செய்தல் வேண்டும். விடுதியினுள் நுழையும்போதும் வெளியேறும்போதும் கையைச் சவர்க்காரத்தாற் கழுவுங்கள்; வாயிலில் வைத்திருக்கும் தொற்றுநீக்கியையேனும் விரலிடுக்கெல்லாம் படுமாறு பூசி உலரவிடுங்கள். காய்ச்சல், இருமல், வயிற்றோட்டம் உள்ளவர் அன்று போகாது நிற்றலே அன்பு. நோயாளரின் கட்டிலில் அமரவேண்டாம். புண்கட்டையும் சேலைன் குழாயையும் தொடவேண்டாம். ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்குச் சென்று எல்லோரையும் தடவி நலம் விசாரிப்பது, 1847 ஒக்டோபரில் நிகழ்ந்ததை நாமும் செய்வதாகும். பிறந்த குழந்தையைக் கண்டவுடன் தூக்கி முத்தமிட ஆசை எழும், அதையும் அடக்குங்கள். பார்வையாளர் நேரம் முடிந்ததென்று தாதியர் சொல்லும்போதும், கைகழுவினீர்களா என்று வினவும்போதும் முகங் கோணற்க. ஒரு பெரியவர் அவ்வொரு வினாவைக் கேட்டமைக்காகவே தம் வாழ்வை இழந்தார். நாம் இழப்பது அரை நிமிடமே.