மழையை அளந்த நெசவாளி மகன்

டால்டன் என்றதும் நம் எல்லோருக்கும் அணுக்கொள்கைதான் ஞாபகம் வரும். வேதியியல் பரிட்சைக்கு முதல் நாள் ராத்திரி அதை உருப்போடாதவர் நம்மில் யார்? ஆனால் நண்பர்களே, ஜான் டால்டன் முதலில் தேடிப் போனது அணுவை அல்ல என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் தேடிப் போனது மழையை! காற்றை!

1766-ஆம் ஆண்டு செப்டம்பரில், இங்கிலாந்தின் வடமேற்கில் கம்பர்லாந்து பகுதியிலுள்ள ஈகிள்ஸ்ஃபீல்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா ஒரு ஏழை நெசவாளி. குடும்பம் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் குவேக்கர்கள் ஆக்ஸ்போர்டிலோ கேம்பிரிட்ஜிலோ பட்டம் வாங்க முடியாது. டால்டன் 12 வயசிலேயே ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். மாணவர்களில் சிலர் வாத்தியாரை விட மூத்தவர்கள்! நடுவே வயல் வேலைக்கும் போனார். 1781-இல் கெண்டல் என்ற ஊருக்குப் போய், அண்ணன் ஜோனதனோடு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார்.

அங்கேதான் ஜான் காஃப் என்ற அறிஞரைச் சந்தித்தார். காஃபுக்குக் கண் பார்வை கிடையாது. ஆனால் லத்தீன், கிரேக்கம், கணிதம் எல்லாம் டால்டனுக்குக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். தினமும் வானிலையைக் குறித்து வை என்று தூண்டிவிட்டவரும் அவரே. 1787 மார்ச் 24-ஆம் தேதி டால்டன் குறிப்பேட்டைத் தொடங்கினார். தெர்மாமீட்டர், பாரோமீட்டர், மழைமானி... விலை கொடுத்து வாங்க வசதியில்லாததால் பல கருவிகளைத் தானே செய்துகொண்டார்.

எங்கள் வீட்டிலும் தறிதான். தறிக்குழியில் மழைத் தண்ணீர் ஊறினால் அன்றைக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. அதனால் எங்கப்பாவும் காலையில் எழுந்ததும் வானத்தைத்தான் பார்ப்பார். ஆனால் பார்த்ததை எழுதி வைக்க எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாருக்கும் எழுத்து வராது. டால்டன் வீட்டிலிருந்து ஒருவர் எழுதினார். 57 வருடம் எழுதினார்! மொத்தம் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குறிப்புகள்.

1793-இல் மான்செஸ்டருக்குப் போய் நியூ காலேஜில் ஆசிரியரானார். அதே வருடம் வானிலை பற்றிய அவருடைய முதல் புத்தகமும் வெளிவந்தது. அன்றைக்கு அறிஞர்கள் பலர், தண்ணீரில் உப்பு கரைகிற மாதிரி காற்றில் தண்ணீர் கரைகிறது என்று நம்பினார்கள். டால்டன் ஒத்துக்கொள்ளவில்லை. நீராவியும் ஒரு தனி வாயு. காற்று இருந்தாலும் சரி, வெற்றிடமாக இருந்தாலும் சரி, ஓரிடத்தில் எவ்வளவு நீராவி நிற்கலாம் என்பதை வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது என்று சோதனை செய்து காட்டினார். கண்ணாடிக் குவளையில் குளிர்ந்த நீரை ஊற்றி, வெளிப்புறத்தில் எந்த வெப்பநிலையில் பனித்துளி படிகிறது என்று பார்ப்பார். அதுதான் பனிநிலை. சோதனை அவ்வளவு எளிது! காற்றை அழுத்தினால் சூடாகும், விரிந்தால் குளிரும் என்பதையும் அளந்தார். (சைக்கிள் பம்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குப் பாதி புரிந்திருக்கும்.) மேலே ஏறும் காற்று விரிந்து, குளிர்ந்து, பனிநிலையைத் தொட்டதும் நீராவி மேகமாகிறது. இன்று புவி சூடாவதைப் பற்றிப் பேசும்போது, 1 டிகிரி கூடினால் காற்றில் சுமார் 7 சதவீதம் அதிக நீராவி நிற்கலாம் என்கிறார்கள். பெருமழைகள் இன்னும் பெரிதாவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். டால்டன் அளந்த அதே நீராவிதான்.

அடுத்து ஒரு கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. ஆக்சிஜன் நைட்ரஜனை விடக் கனமானது. அப்படியானால் எண்ணெயும் தண்ணீரும் போல ஆக்சிஜன் கீழேயும் நைட்ரஜன் மேலேயும் ஏன் பிரிந்து நிற்கவில்லை? எங்கே அளந்தாலும் ஒரே கலவையாக இருக்கிறதே! ஒவ்வொரு வாயுவும் மற்றது இல்லாதது போலவே தன் அழுத்தத்தைக் கொடுக்கிறது என்று 1801-இல் கண்டார். நாம் படிக்கும் பகுதி அழுத்த விதி இதுதான். அதற்கு அவர் சொன்ன காரணம் பின்னால் தவறாகிப் போச்சு, விதி மட்டும் நின்றது. வாயுத் துகள்கள் எவ்வளவு பெரிசு, எவ்வளவு எடை என்று யோசித்துக்கொண்டே போனதில் 1803-இல் அணு எடைகளின் முதல் பட்டியல் அவருடைய குறிப்பேட்டில் பிறந்தது. தண்ணீரில் ஒரு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் என்று அதிலும் ஒரு பிழை! ஆனாலும் மழையைப் பார்த்துக் கொண்டிருந்தவர் அணுவில் போய் நின்றார் என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

விடுமுறை வந்தால் பாரோமீட்டரைத் தூக்கிக்கொண்டு ஹெல்வெலின் மலையில் ஏறிவிடுவார். உயரம் 950 மீட்டர். உயரே போகப் போக அழுத்தமும் வெப்பமும் ஈரமும் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பதற்காக வருடா வருடம் ஏறினார்.

அவருக்கு நிறக்குருடு இருந்தது. சிவப்பும் பச்சையும் சரியாகத் தெரியாது. 1794-இல் தன் குறையையே ஆய்வுக் கட்டுரையாக வாசித்தார். 1832-இல் ஆக்ஸ்போர்டு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1834-இல் அந்தச் செந்நிற அங்கியை அணிந்து மன்னரைப் பார்க்கப் போனார். குவேக்கர்கள் பளிச்சென்ற நிறம் உடுத்தமாட்டார்கள். அவர் கண்ணுக்குத்தான் அது சிவப்பாகத் தெரியவே இல்லையே!

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1800-இல் கல்லூரி வேலையை விட்ட பிறகு டியூஷன் எடுத்துத்தான் பிழைத்தார். 1837-இல் பக்கவாதம் வந்தது. 1844 ஜூலை 26-ஆம் தேதி, நடுங்கும் கையால் அன்றைக்குக் கொஞ்சம் மழை என்று குறித்து வைத்தார். மறுநாள் காலை உயிர் பிரிந்தது. உடலைப் பார்க்க 40,000 பேர் வரிசையில் வந்தார்களாம்.

அவருடைய கையெழுத்துத் தாள்களை மான்செஸ்டர் இலக்கிய, தத்துவக் கழகம் பாதுகாத்து வந்தது. 1940 டிசம்பரில் ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டதில் அந்தக் கட்டிடம் எரிந்து, தாள்களில் பெரும்பகுதி அழிந்துபோனது. தீயில் மிஞ்சியவை மான்செஸ்டர் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கின்றன. சில தாள்களின் ஓரம் கருகியிருக்கிறது.