டு பாய்ஸின் வரைபடம்: ஏழாம் வார்டு சொன்ன உண்மை

டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் 1868ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கு அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே.

அடுத்த ஆண்டே பென்சில்வேனியா பல்கலைக்கழகம் ஃபிலடெல்பியாவின் கறுப்பின மக்களை ஆராய அவரை அழைத்தது. ஆனால் மாணவர்களுக்குப் பாடம் நடத்த அவருக்கு இடம் தரவில்லை. நகரின் சீர்கேட்டுக்குக் கறுப்பின மக்களே காரணம் என்ற எண்ணம் அன்றைய சீர்திருத்தக்காரர்களிடையே வேரூன்றியிருந்தது. ஆய்வு அதை உறுதிசெய்யும் என்றே அவர்கள் எதிர்பார்த்தனர்.

டு பாய்ஸ் தம் மனைவியுடன் ஏழாம் வார்டிலேயே குடியேறினார். வினாப்படிவங்களை ஏந்தி வீடு வீடாகச் சென்றார். அவ்வார்டில் வாழ்ந்த 9,000க்கும் மேற்பட்ட கறுப்பின மக்களின் தொழில், வருமானம், வாடகை, கல்வி, பிறந்த ஊர் ஆகியவற்றைத் தாமே பதிவுசெய்தார். அரசின் மக்கள்தொகைக் கணக்கோடு அவற்றை ஒப்பிட்டார். பின்னர் தெருத்தெருவாக, கட்டடம் கட்டடமாக நிறமிட்டு வரைபடம் தீட்டினார்.

1899இல் நூலாக வெளிவந்த அவ்வாய்வு, எதிர்பார்த்த விடையைத் தரவில்லை. திறமை இருந்தும் தொழிற்கூடங்கள் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. வீட்டுவேலையே பலருக்கும் எஞ்சியதால், வேலை தரும் வெள்ளையர் வீடுகளுக்கு அருகிலேயே வசிக்க நேர்ந்தது. வேறிடங்களில் வீடு மறுக்கப்பட்டதால் நெருக்கடியான வீட்டுக்கும் கூடுதல் வாடகை கொடுத்தனர். அதை ஈடுகட்ட உள்வாடகைக்கு ஆள் வைத்தனர். நெரிசலும் நோயும் மக்களின் இயல்பால் வந்தவை அல்ல, விலக்கலின் விளைவுகள் என்பது தெளிவாயிற்று. ஆயினும் அவர் மக்களைப் பிரித்த நான்கு படிநிலைகளுள் ஒன்று குற்றவாளி வகுப்பு. ஆளும் சமூகத்தின் ஒழுக்க அளவுகோல் அவரது வரைபடத்திலும் படிந்திருந்தது.

1900இல் பாரிஸ் கண்காட்சியில் அவரும் மாணவர்களும் வண்ண விளக்கப்படங்களால் தம் மக்களின் நிலையை உலகுக்குக் காட்டினர். 1946இல் அம்பேத்கர் அவருக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் படியைக் கேட்டார். டு பாய்ஸ் பரிவோடு பதில் எழுதினார். 1963இல் கானாவின் அக்ரா நகரில், தம் 95ஆம் வயதில் மறைந்தார்.

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பட்டியல் சாதியினரின் எண்ணிக்கையை வார்டுவாரியாகத் தருகிறது. குடியிருப்பது சொந்த வீடா, வாடகை வீடா என்றும் கேட்கிறது. சாதி கேட்டு வீடு மறுக்கப்பட்டதா என்று மட்டும் கேட்பதில்லை. சேரி எங்கே இருக்கிறது என்பதை அந்த எண்களைக் கொண்டு வரைந்துவிடலாம். அது ஏன் அங்கேயே இருக்கிறது என்பதை அறிய, டு பாய்ஸைப் போல் ஒவ்வொரு கதவையும் தட்டியாக வேண்டும்.