கும்பகோணத்து ஜைன இல்லங்களில் சாமிநாதையர்

தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டு, திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவில் வளர்ந்த அவர், 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார்.

அவ்வாண்டு அக்டோபரில், அந்நகருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் ஆகியவற்றை வரிசையாக அடுக்கினார். முதலியார் சிறிதும் வியக்கவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் அந்நூலைக் கண்டதும் இல்லை. முதலியார் கையெழுத்துப் பிரதியொன்றைக் கொடுத்து, அதனைத் தமக்குப் பாடம் சொல்லுமாறு கேட்டுக்கொண்டார்.

திருத்தக்கதேவரின் செய்யுட்களில் ஐயரின் தமிழ்ப்புலமை ஓரளவே துணைசெய்தது. ஜைன சமயத்துக்கே உரிய வழக்குகள் வருமிடமெல்லாம் அவர் தடுமாறினார். நச்சினார்க்கினியர் உரையும் அவ்விடங்களில் போதிய விளக்கம் தரவில்லை. அறிந்தவர் எவர் என்று தேடியபொழுதுதான், தாம் குடியிருக்கும் ஊரிலேயே ஜைனர் வாழ்வதை அறிந்து, சந்திரநாத செட்டியார் இல்லத்திற்குச் சென்றார்.

அன்று அவ்வீட்டு வாயிலில் மாக்கோலமும் மாவிலைத் தோரணமும் விளங்கின. யாதேனும் சுபகாரியமோ என எண்ணி ஐயர் தயங்கி நின்றார். அங்கே திருமணமும் இல்லை, பண்டிகையும் இல்லை. பல மாதங்களாகப் பாராயணம் செய்துவந்த சிந்தாமணி அன்று நிறைவெய்தியிருந்தது. கல்லூரித் தமிழாசிரியர் கண்டறியாத காவியம், சில தெருக்களுக்கு அப்பால் ஓர் இல்லறத்தார் வீட்டில் பூசைக்குரிய நூலாய் ஓதப்பட்டு வந்தது! அவ்வியப்பு ஐயரை வாழ்நாள் முழுதும் விட்டகலவில்லை.

அதன்பின் அவர் ஐயங்களைச் சுமந்துகொண்டு அவ்வில்லங்களுக்கு அடிக்கடி சென்றார். கற்பிப்பவர் பட்டம் பெற்ற புலவரல்லர். வணிகமும் குடும்பமும் நடத்தும் சிராவகர். ஐயரின் ஆர்வத்தைக் கண்டு, அவரைப் பவ்யர் என்றே அவர்கள் மதித்தனர். மோக்ஷத்திற்குத் தகுதியுடைய ஜீவன் என்னும் பொருளுடைய அச்சொல்லை நம்மவர் எளிதில் எவருக்கும் வழங்குவதில்லை.

இந்நட்பு அத்துணை இயல்பானதன்று. சோழ மன்னன் சிந்தாமணியில் ஈடுபட்டிருந்ததை மாற்றவே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்பது சைவர் வரலாறு. அம்மரபில் வந்தவர் ஒருவரிடம் வழிவழியாகக் காத்த ஏட்டை ஒப்படைப்பதில் ஜைனருக்குத் தயக்கம் இருந்திருந்தால் அதனைக் குறைகூற இயலாது. மறுபுறம், சைவ மடத்தில் பயின்றவர் ஜைன நூலை அச்சிடலாமா என்று முணுமுணுத்த சைவரும் உண்டு. ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகர் அம்மறுப்பைப் பொருட்படுத்தாது ஐயருக்கு ஊக்கமளித்தார். வீடூர் அப்பாசாமி நயினார் போன்ற ஜைன அன்பர்களும் உறுதுணையாயினர்.

நச்சினார்க்கினியர் முதலில் வரைந்த உரையை ஜைனர் ஏற்காமையால், அவர் ஜைன நூல்களைப் பயின்று மீண்டும் உரை எழுதினார் என்று ஒரு கர்ணபரம்பரைச் செய்தி வழங்குகிறது. ஐயர் ஒப்புநோக்கிய ஏடுகளிலும் அவ்வுரை இருவகையாகக் காணப்பட்டது. ஐநூறு ஆண்டுகளுக்கு முன்னர் உரையாசிரியர் நடந்த வழியிலேயே பதிப்பாசிரியரும் நடந்தார் போலும்.

பொருள்முடையும் அச்சுக்கூடத் தொல்லைகளும் பல. அவற்றைக் கடந்து 1887இல் 3145 செய்யுட்களும் உரையுடன் வெளிவந்தன. அவ்வுரையில் மேற்கோளாய் வந்த அடிகளின் மூலத்தைத் தேடியபொழுதே சங்கநூல்கள் ஐயரின் கருத்தைக் கவர்ந்தன. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் அச்சேறின.

ஜைன நூல்களை அவர் அத்துடன் விட்டுவிடவில்லை. பவணந்தியாரின் நன்னூலை மயிலைநாதர் உரையுடன் 1918இலும், கொங்குவேளிரின் பெருங்கதையை 1924இலும் வெளியிட்டார். உதயணகுமார காவியத்தைப் பதிப்பித்த 1935ஆம் ஆண்டில் அவருக்கு வயது எண்பது.