கைவிட மறுத்த டாக்டர்

2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 17ஆம் தேதி. இரவு நேரம். தாமிரபரணிக் கரை எங்கும் பேய் மழை.

திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ் ரெயில், ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த கல்லையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. முன்னே போக வழி இல்லை. பின்னே போகவும் வழி இல்லை. ரெயிலில் இருந்தவர்கள் சுமார் 800 பேர்.

பக்கத்துப் புதுக்குடி மக்கள் சோறு சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஹெலிகாப்டர் வந்து உணவுப் பொட்டலங்களைப் போட்டது. ஒரு கர்ப்பிணிப் பெண்ணைப் பத்திரமாகத் தூக்கிச் சென்றது. 19ஆம் தேதி எல்லோரும் மீட்கப்பட்டார்கள்.

நின்றுபோன ரெயில். வானத்தில் இருந்து வந்த உதவி. கைவிடாத மனிதர்கள்.

அதற்கு 73 ஆண்டுகளுக்கு முன்பு, அதே டிசம்பர் மாதத்தில், கடல் கடந்த ஒரு நாட்டில் இவை மூன்றும் கலந்த கதை ஒன்று நடந்தது. அந்தக் கதையின் நாயகர் தமிழ்நாட்டு டாக்டர் ஒருவர். அவர் பெயர் ஏ. ஜி. ரங்கராஜ்.

வானத்தில் இருந்து குதித்தார்

ஆற்காடு என்ற ஊர்ப் பெயரைத் தம் பெயரோடு சுமந்தவர் ரங்கராஜ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். இரண்டாவது உலக யுத்தம் மூண்டபோது ராணுவ டாக்டராகச் சேர்ந்தார்.

அந்தச் சமயத்தில் இந்தியாவில் ஒரு புதிய படை அமைக்கப்பட்டது. விமானத்தில் பறந்து போய், பாராசூட் கட்டிக்கொண்டு குதித்து, தரையில் இறங்கிப் போரிடும் படை அது. அதில் 152ஆவது பட்டாளத்தின் டாக்டராக ரங்கராஜ் நியமிக்கப்பட்டார்.

டாக்டர்தானே, கீழே நின்று மருந்து கொடுத்தால் போதாதா? போதாது. சிப்பாய் எங்கே விழுகிறானோ, அங்கே டாக்டரும் இருக்க வேண்டும். அப்போதுதான் உயிர் பிழைக்கும்.

ஆகவே ரங்கராஜும் குதித்தார். ஆண்டு 1941. பாராசூட்டில் குதித்த முதல் இந்திய ராணுவத்தினர் என்று இருவருடைய பெயரைச் சொல்வார்கள். ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். மற்றவர் டாக்டர் ரங்கராஜ்.

1944ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜப்பானியப் படை மணிப்பூருக்குள் நுழைந்தது. சங்ஷாக் என்ற மலைக் கிராமத்தில் 50ஆவது பாராசூட் பிரிகேடு அதை மறித்து நின்றது. ரங்கராஜின் 152ஆவது பட்டாளமும் அந்தப் பிரிகேடைச் சேர்ந்ததுதான். பல நாள் கடும் சண்டை நடந்தது. குடிக்கத் தண்ணீர் கூடச் சரியாகக் கிடைக்கவில்லை. விமானத்தில் இருந்து போட்ட மூட்டைகளில் பெரும்பாலானவை எதிரியின் பக்கம் விழுந்தன. மருந்தும் கருவியும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்தப் படைக்குக் காட்டிக்கொடுத்த போர் அது.

துப்பாக்கிக்குப் பதில் மருந்துப் பெட்டி

நாடு சுதந்திரம் அடைந்தது. மூன்று ஆண்டுகள் கழிந்தன.

1950ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் தேதி வடகொரியப் படை தென்கொரியாவுக்குள் புகுந்தது. ஐக்கிய நாடுகள் சபை தென்கொரியாவுக்கு உதவும்படி உலக நாடுகளைக் கேட்டது. அமெரிக்காவும் பிரிட்டனும் வேறு பல நாடுகளும் படை அனுப்பின.

இந்தியா என்ன செய்வது? அப்போது பிரதமராக இருந்த நேரு, சண்டைக்குச் சிப்பாய்களை அனுப்ப விரும்பவில்லை. காயம் பட்டவர்களைக் காப்பாற்ற டாக்டர்களை அனுப்புவது என்று இந்தியா முடிவு செய்தது.

அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதுதான் 60ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ். அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ்.

ஆம்புலன்ஸ் என்றதும் சைரன் ஊதிக்கொண்டு ஓடும் வண்டிதான் நம் நினைவுக்கு வரும். ராணுவத்தில் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்பது ஒரு வண்டி அல்ல. அது ஒரு முழுப் படைப்பிரிவு. ரங்கராஜின் பிரிவில் 346 பேர் இருந்தார்கள். ரண சிகிச்சை செய்யும் டாக்டர்கள், மயக்க மருந்து கொடுப்பவர்கள், பல் டாக்டர், ஸ்ட்ரெச்சர் தூக்குவோர், சமையல்காரர் எல்லோரும் அதில் அடக்கம். போர்முனைக்குப் பக்கத்தில் கூடாரம் அடிப்பார்கள். அதுவே ஆஸ்பத்திரி. படை நகர்ந்தால் ஆஸ்பத்திரியும் நகரும்.

1950ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் தேதி அவர்கள் கொரியாவின் பூசான் துறைமுகத்தில் இறங்கினார்கள். ஆறு மாதத்துக்கு வேண்டிய மருந்தும் கருவிகளும் கையோடு கொண்டு வந்திருந்தார்கள். ஆனால், அவற்றை ஏற்றிச்செல்லச் சொந்த லாரிகள் இல்லை.

வாளி வாளியாகத் தண்ணீர்

அவர்கள் வடக்கே பியாங்யாங் நகருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதே நேரத்தில் போரின் போக்கே மாறியது. சீனப் படைகள் பெருங்கூட்டமாக வந்து தாக்கின. ஐ.நா. படைகள் பின்வாங்கத் தொடங்கின.

டிசம்பர் மாதத் தொடக்கம். உடம்பு விறைக்கும் குளிர். எல்லோரும் நகரத்தை விட்டுப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இந்திய டாக்டர்களுக்கும் உத்தரவு வந்தது. சாமான்களை அங்கேயே விட்டுவிட்டு, ஆட்கள் மட்டும் தப்பிச் செல்ல வேண்டும் என்பதே அந்த உத்தரவு.

ரங்கராஜ் யோசித்தார். உயிர் தப்பிப் போய்விடலாம். போன பிறகு என்ன செய்வது? கத்தி இல்லாத ரண சிகிச்சை டாக்டரால் யாருக்கு என்ன பயன்? மருந்து இல்லாத ஆஸ்பத்திரி வெறும் கூடாரம்தானே?

சாமான்களைக் கைவிட அவர் மறுத்தார்.

லாரி இல்லை. என்ன வழி? ரெயில் நிலையத்தில் ஒரு பழைய நீராவி எஞ்சினும் சில பெட்டிகளும் அநாதையாகக் கிடந்தன. அவருடைய ஆட்களில் சிலருக்கு எஞ்சின் ஓட்டத் தெரியும். கொதிகலனில் தண்ணீர் இல்லை. குழாயும் இல்லை.

சிப்பாய்கள் வரிசையாக நின்றார்கள். கைமாற்றிக் கைமாற்றி வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். கொதிகலன் நிறைந்தது. நெருப்பு மூட்டினார்கள். மருந்துப் பெட்டிகளையும் ஆபரேஷன் மேஜைகளையும் பெட்டிகளில் ஏற்றினார்கள். எஞ்சின் பெருமூச்சு விட்டது. சக்கரம் உருண்டது.

எதிரி பயன்படுத்தக் கூடாது என்பதற்காகப் பாலங்களைத் தகர்க்க ஏற்பாடு ஆகியிருந்தது. தகர்ப்பதற்குச் சற்று முன்புதான் அந்த ரெயில் ஆற்றைக் கடந்தது. ஒரு நாழிகை தாமதித்திருந்தால் எல்லோரும் எதிரியிடம் சிக்கியிருப்பார்கள்.

ரெயில் தெற்கே சியோல் வந்து சேர்ந்தது. ஆட்களும் பத்திரம். ஆஸ்பத்திரியும் பத்திரம்.

மீண்டும் குதித்தார்

பிறகு அந்தப் பிரிவு இரண்டாகப் பிரிந்தது. மேஜர் பானர்ஜி தலைமையில் ஒரு பகுதி டேகு நகருக்குப் போனது. அங்கே கொரிய ஆஸ்பத்திரிகளுக்கும் ஊர் மக்களுக்கும் உதவியது. வீடு இழந்து, ஊர் இழந்து வந்த ஏழைகளுக்கு அந்த ஆஸ்பத்திரியே கதி.

ரங்கராஜ் மற்றொரு பகுதியோடு போர்முனைக்குப் போனார். உய்ஜொங்பு என்ற ஊரில் பிரிட்டிஷ் காமன்வெல்த் படையோடு சேர்ந்துகொண்டார். அந்த ஊர்ப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1951ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் தேதி அமெரிக்க பாராசூட் படை முன்சான் என்ற இடத்தில் குதித்தது. மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வானத்தில் இருந்து இறங்கினார்கள். அவர்களோடு இந்தியர்கள் 12 பேரும் குதித்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் தலைவர் ரங்கராஜ்.

இறங்கிய இடத்திலேயே சிகிச்சை தொடங்கியது. குண்டு பாய்ந்தவன், கால் ஒடிந்தவன் என்று வந்துகொண்டே இருந்தார்கள். யார் உடனே மேஜைக்குப் போக வேண்டும், யார் சற்றுப் பொறுக்கலாம் என்று பிரிப்பதுதான் போர்முனை டாக்டரின் முதல் வேலை. அதில் தவறினால் ஓர் உயிர் போகும். அடிபட்டவன் எந்தப் பக்கத்துச் சிப்பாய் என்று கேட்பது டாக்டரின் வேலை அல்ல.

1953ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் தேதி சண்டை நின்றது. இந்தியப் பிரிவு 1954ஆம் ஆண்டுத் தொடக்கம் வரை அங்கே இருந்தது. மொத்தம் மூன்றேகால் ஆண்டுகள். 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அது சிகிச்சை அளித்தது. சுமார் 2,300 ஆபரேஷன்கள் செய்தது.

ரங்கராஜுக்கும் பானர்ஜிக்கும் மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. 1955ஆம் ஆண்டு ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் அந்தப் பிரிவுக்கு ஜனாதிபதி கோப்பையை வழங்கிக் கௌரவித்தார்.

உலகம் சிரித்த கூடாரம்

அதே கொரியப் போரில் ஓர் அமெரிக்க டாக்டரும் இருந்தார். அவர் பெயர் ரிச்சர்ட் ஹார்ன்பெர்கர். அமெரிக்கப் படையின் நடமாடும் ரண சிகிச்சை ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்தார். இத்தகைய ஆஸ்பத்திரியைச் சுருக்கமாக மாஷ் என்று அழைப்பார்கள்.

அந்த அனுபவங்களை அவர் ஒரு வேடிக்கைக் கதையாக எழுதினார். பதிப்பாளர் பலர் அதைத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் 1968ஆம் ஆண்டு, புனைபெயரில் வெளிவந்தது. 1970ஆம் ஆண்டு சினிமாப் படமாயிற்று. 1972ஆம் ஆண்டு செப்டம்பரில் டெலிவிஷன் தொடராக மாறியது.

லாரி கெல்பார்ட், ஜீன் ரெனால்ட்ஸ் என்ற இருவர் அதை உருவாக்கினார்கள். கலிபோர்னியா மலைகளில் கூடாரம் அடித்துப் படம் பிடித்தார்கள். போரில் வேலை பார்த்த டாக்டர்களையும் நர்சுகளையும் தேடிப்போய்ப் பேசினார்கள். கொரியாவுக்கே போய்ப் பார்த்தும் வந்தார்கள். கேட்ட உண்மைச் சம்பவங்களைக் கதையில் சேர்த்தார்கள்.

போர் நடந்தது மூன்று ஆண்டு. தொடர் ஓடியதோ 11 ஆண்டு! 1983ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி கடைசிப் பகுதி வந்தது. அமெரிக்காவில் மட்டும் 10 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதைப் பார்த்தார்கள்.

அந்தக் கதையில் வரும் கற்பனை ஆஸ்பத்திரி எந்த ஊரில் இருக்கிறது தெரியுமா? உய்ஜொங்புக்குப் பக்கத்தில்தான். நம் ரங்கராஜ் உண்மையாகவே கூடாரம் அடித்த அதே ஊர்!

சிரிப்பு நின்ற இடம்

அமெரிக்க வேடிக்கைத் தொடர்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வேடிக்கைப் பேச்சுக்கும் பின்னால், கூட்டம் சிரிப்பது போன்ற ஒலியைச் சேர்த்துவிடுவார்கள். டெலிவிஷன் கம்பெனி இந்தத் தொடருக்கும் அதைக் கேட்டது.

தயாரித்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. வாதாடினார்கள். முழு வெற்றி கிடைக்கவில்லை. ஆனால், ஒன்றை மட்டும் சாதித்தார்கள். ஆபரேஷன் அறைக் காட்சிகளில் சிரிப்பொலி சேர்க்கப்படவில்லை.

கூடாரத்துக்கு வெளியே கேலி உண்டு, குறும்பு உண்டு. ராப்பகலாக ரத்தத்தைப் பார்த்தவர்கள், சிரிக்காவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்பதால் சிரித்தார்கள். மேஜையில் ஓர் உயிர் துடிக்கும்போது சிரிப்புக்கு இடம் இல்லை. அந்தத் தொடர் அத்தனை காலம் மக்கள் மனத்தில் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேஜை இருந்தால்தானே அங்கே ஒருவனைக் கிடத்த முடியும்? அந்த மேஜைக்காகத்தான் ரங்கராஜ் பியாங்யாங்கில் பிடிவாதம் பிடித்தார்.

பெரியம்மையோடு போர்

கொரியாவோடு அவர் வேலை முடிந்துவிடவில்லை. பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தில் சேர்ந்தார். இம்முறை எதிரி பெரியம்மை.

ஆப்கானிஸ்தானில் பெரியம்மையை ஒழிக்கும் பணியில் அவர் ஈடுபட்டார். பனி மூடிய மலைகள். ரோடு இல்லாத கிராமங்கள். வீட்டுப் பெண்கள் அந்நியர் முன் வரமாட்டார்கள். அம்மைப் பொருக்கை எடுத்து மற்றவர் உடம்பில் கீறி ஏற்றும் பழைய முறை வைத்தியர்கள் ஊர் ஊராகத் திரிந்தார்கள். அதனால் சில இடங்களில் நோய் மேலும் பரவியது.

சாலை முடிந்த இடத்துக்கு அப்பாலும் ஊசி போடுவோர் போனார்கள். கையில் இரட்டை முனை ஊசியும் தடுப்பு மருந்தும்தான் ஆயுதம். 1970களின் தொடக்கத்தில் ஆப்கானிஸ்தானில் பெரியம்மை அடங்கியது. பிறகு வங்கதேசத்திலும் ரங்கராஜ் அதே பணியைச் செய்தார். 1980ஆம் ஆண்டு, பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்டது.

மறவாத நாடு

டாக்டர் ரங்கராஜ் 2009ஆம் ஆண்டு காலமானார். 2020ஆம் ஆண்டு, போர் தொடங்கி 70 ஆண்டு நிறைந்தபோது, தென்கொரிய அரசு அவரைப் போர் வீரராக நினைவுகூர்ந்து பெருமைப்படுத்தியது.

துப்பாக்கி ஏந்திப் போகாதவருக்கு வீரர் என்ற பட்டம்! அது பொருத்தமான பட்டம்தான்.

வெள்ளத்தில் நின்ற ரெயிலுக்குச் சோறு சுமந்து போனவர்களுக்குத் தெரியும். ஆபத்து நேரத்தில் தன் உயிரோடு ஓடிவிடுவது எளிது. பிறர் உயிருக்கு வேண்டியதையும் சுமந்துகொண்டு போவதுதான் கடினம். டாக்டர் ரங்கராஜ் ஒரு ரெயில் நிறைய அதைச் சுமந்து வந்தார்.