நூல் தேடிய வள்ளல்

நான் பள்ளியில் சேரும்வரை எங்கள் வீட்டில் நூல் என்று ஒன்று இருந்ததில்லை. குடும்ப அட்டையும் சுவரில் தொங்கிய நாட்காட்டியுமே எழுத்துள்ள பொருள்கள். கூலி வேலை செய்தே பெற்றோர் என்னைப் படிக்க வைத்தனர். பள்ளியில் நூல்கள் இருந்தன. ஆனால் பூட்டிய அலமாரிக்குள் இருந்தன! கண்ணாடி வழியே அட்டைகளைப் பார்த்து நின்ற நாள்கள் பல. இக்கல்லூரியில் சேர்ந்த பிறகே நூலக அட்டை என் கைக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் அதைப் பெற்ற முதல் ஆள் நானே. அதனால்தானோ என்னவோ, நூல் கிடைக்காமல் வருந்திய ஒருவரின் வரலாறு என் நெஞ்சைத் தொட்டது. அவர் ஏழை அல்லர், பாலவனத்தம் ஜமீன்தார். அவரே வள்ளல் பாண்டித்துரைத் தேவர்.

இராமநாதபுரத்தில் பொன்னுச்சாமித் தேவரின் மைந்தராக 1867-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் புலவர்களைப் போற்றியவர். விவேகானந்தரைச் சிகாகோவுக்கு அனுப்ப உதவிய பாஸ்கர சேதுபதி மன்னர் இவருக்கு நெருங்கிய உறவினர். செல்வத்திலும் புலமையிலும் குறைவில்லாத வாழ்வு.

ஒருமுறை மதுரைக்குச் சொற்பொழிவாற்ற வந்தார். குறிப்பெடுக்கத் திருக்குறளும் கம்பராமாயணமும் வேண்டும் என்றார். தேடிச் சென்றவர்கள் வெறுங்கையுடன் திரும்பினார்களாம்! சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த மதுரையில் திருக்குறளுக்கே பஞ்சமா? அவர் மனம் புண்பட்டது.

இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். அவருடைய மாளிகையில் நூல்களுக்குக் குறைவில்லை. ஊர் திரும்பியிருந்தால் அவர் குறை தீர்ந்திருக்கும். ஊரார் குறை தீர்ந்திருக்காது. அதை அவர் உணர்ந்தார்.

1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் மதுரைத் தமிழ்ச் சங்கம் தோன்றியது. நான்காம் தமிழ்ச் சங்கம் என்று அதனைப் போற்றுவர். அதன் அங்கமாகப் பாண்டியன் புத்தகசாலை அமைந்தது. அச்சு நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அங்கே திரட்டப்பட்டன. மாணவர்க்குக் கல்லூரி, புலமைக்குத் தேர்வுகள், நூல் வெளியிட அச்சகம், ஆராய்ச்சிக்குச் ‘செந்தமிழ்’ என்னும் திங்களிதழ் என யாவும் வளர்ந்தன. ஆ. சிங்காரவேலு முதலியார் அரும்பாடுபட்டுத் தொகுத்த அபிதான சிந்தாமணியை 1910-இல் வெளியிட்டதும் அச்சங்கமே. வ. உ. சிதம்பரனார் 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனத்திற்கும் தேவர் பெரும்பொருள் ஈந்தார். 1911-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் அவர் மறைந்தபோது வயது 44 மட்டுமே!

வேதியியல் படிக்கும் உனக்குப் பழந்தமிழ் நூலகம் எதற்கு என்று தோழியர் கேட்பதுண்டு. ஆய்வகத்தில் ஒரு சோதனை தவறினால் மறுநாள் திரும்பச் செய்யலாம். செல்லரித்த ஏட்டை யாரால் திரும்ப எழுத முடியும்? டாக்டர் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றியது 1894-இல்தான். அதற்கு முன் அது சில ஏடுகளில் மட்டுமே உயிர் வாழ்ந்தது. அவ்வேடுகள் அழிந்திருந்தால் நம் முன்னோர் வாழ்வில் பெரும்பகுதி நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

நூல் சேர்ப்பது செல்வர்க்கு மட்டுமே உரிய பணியன்று. நம் புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்து ஞானாலயா, ஆசிரியத் தம்பதியர் தம் சம்பாத்தியத்தில் அரிய முதற்பதிப்புகளைத் தேடித்தேடிச் சேர்த்ததால் வளர்ந்ததன்றோ!

சனிக்கிழமைதோறும் கல்லூரி நூலகத்திலிருந்து ஒரு நூலை வீட்டிற்கு எடுத்துச் செல்கிறேன். எழுத்தறியாத என் தாய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்ட பிறகே அதைத் தொடுகிறார். படித்த நாமோ பக்கத்தைக் கிழிக்கிறோம், ஓரத்தில் கிறுக்குகிறோம், தவணை கடந்தும் திருப்பித் தருவதில்லை. நாம் தராமல் வைத்திருக்கும் நூலைத் தேடி இன்னொருவர் வெறுங்கையுடன் திரும்புகிறார் என்பதை மறக்கலாமா? எடுத்த நூலை உரிய நாளில் திருப்பித் தருவோம். அதுவே அவ்வள்ளலுக்கு நாம் செய்யும் கைம்மாறு. வாழ்க அவர் புகழ்!