கடலின் நிறத்தை ஆராய்ந்த இராமன்

மழைக்கு மறுநாள் தெஹிவளைக் கால்வாய் கடலில் கலக்கும் இடத்துக்குச் சென்றால், நீல நீரின் ஓரமாகப் பழுப்புப் பட்டையொன்று நீண்டு கிடப்பதைக் காணலாம். இந்நிறங்களை இன்று செய்மதிகள் பல நூறு கிலோமீற்றர் உயரத்திலிருந்து அளந்து கடல்நீரின் நிலையைக் கணிக்கின்றன. அக்கலையின் வேரைத் தேடினால் நாம் சந்திப்பது ஒரு தமிழரை; அதுவும் கணக்காளராகத் தொழில் தொடங்கியவரை.

சந்திரசேகர வெங்கட இராமன் 1888 நவம்பர் 7 இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் கற்று, 1907 இல் கல்கத்தாவில் நிதித் திணைக்கள அதிகாரியானார். அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் கிடைத்த நேரத்தை ஆய்வுகூடத்தில் கழித்தார். 1917 இல் அப்பதவியைத் துறந்து, அதிலும் குறைந்த சம்பளத்தில் பேராசிரியரானார். இக்காலத்தில் எத்தனை பேர் துணிவர்?

1921 இல் ஒக்ஸ்போர்ட் மாநாட்டுக்காகக் கடற்பயணம் மேற்கொண்டபோது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைக் கவர்ந்தது. அது வானத்தின் பிரதிபலிப்பே என ரேலி பிரபு கருதியிருந்தார். பொருளிலிருந்து கண்ணை அடையும் ஒளியாலேயே பார்வை நிகழ்கிறது என்பதை இப்னுல் ஹைதம் சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன்னரே நிறுவியிருந்தார். கடலின் நீல ஒளி எங்கிருந்து வருகிறது என்பதே இராமனின் வினா. மேற்பரப்பில் தெறிக்கும் ஒளியைத் தடுக்கும் நிக்கோல் அரியமொன்றைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். நீலம் மறையவில்லை, முன்னிலும் செறிவாகவே தெரிந்தது. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவை, பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற நர்குண்டா கப்பலிலிருந்தே இலண்டன் சஞ்சிகைக்கு எழுதினார். அத்துடன் நில்லாமல், கல்கத்தா திரும்பி ஆய்வுகூடத்திலும் அளந்து பார்த்தார்.

1928 இல் இராமன் விளைவு, 1930 இல் நோபல் பரிசு என்பன யாவரும் அறிந்தவை. 1970 நவம்பர் 21 இல் பெங்களூரில் அவர் காலமானார். அதற்கு 8 ஆண்டுகளின் பின் ஏவப்பட்ட நிம்பஸ்-7 செய்மதி, கடலின் நிறத்தை வானிலிருந்து அளந்தது. மேற்பரப்பின் தெறிப்பையும் வளியின் சிதறலையும் கழித்து, நீருக்குள்ளிருந்து வரும் ஒளியைப் பிரித்தெடுப்பதே அங்கும் வேலை. பாசிகளின் பச்சையம் நீல ஒளியை உறிஞ்சுவதால், அவை பெருகிய நீர் பச்சையாகத் தோன்றும். இத்தகைய தரவுகளைக் கொண்டே நாரா நிறுவனம் ஆழ்கடல் மீனவருக்குச் சூரை மீன் திரளும் இடங்களை முன்னறிவித்துள்ளது.

கரையோரத்திலோ சேறும் அழுகிய கழிவும் பாசியும் கலந்து கணிப்பைக் குழப்புகின்றன. மலக்கழிவின் பற்றீரியாக்களை எந்தச் செய்மதியும் நேரே காண்பதில்லை. தெஹிவளையில் மீனவரும் நீராடும் சிறுவரும் இறங்குவது அந்த நீரில்தான். கால்வாய் முகத்தில் வாரந்தோறும் போத்தலில் நீரெடுத்துச் சோதித்து, முடிவைச் சிங்களத்திலும் தமிழிலும் கரையிலேயே எழுதி வைக்குமாறு பொறுப்பானோரை நாம் கேட்டுக்கொள்கிறோம்.