இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம்: புகழ்ந்து எழுதியது யார்... மன்னிக்க மறுத்தது யார்?

சுமார் 70 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம். லினன் துணியில் கம்பளி நூலால் தைத்த ஒரு படக்கதை. பிரான்ஸின் பாயூ நகரத்தில் இருக்கும் அந்தத் துணியை லண்டனின் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கடனாகத் தரப்போவதாக 2025 ஜூலையில் அறிவிப்பு வந்தது. உடனே ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒருத்தரின் பெயர் செய்திகளில் மறுபடி அடிபட ஆரம்பித்தது. வில்லியம் தி கான்கரர். 1066-ல் கடல் தாண்டிப் போய், ஒரே நாள் போரில் இங்கிலாந்து மன்னரை வீழ்த்தி, அதே வருஷம் கிறிஸ்துமஸ் அன்று முடிசூட்டிக்கொண்ட நார்மண்டி கோமகன்.

வரலாற்றுப் பாடத்தில் ரெண்டு வரியில் முடிந்துவிடுகிற ஆள்தான். ஆனால் அந்த ரெண்டு வரி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் குரோனிக்கிள் எனப்படும் பதிவுகளில் இருந்து. மடத்துத் துறவிகளும் அரண்மனைக் குருமார்களும் நடந்ததை எழுதிவைத்த புத்தகங்கள் அவை. அவற்றை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் படித்தால், ஒரே வில்லியம் நாலைந்து வில்லியமாகத் தெரிகிறார்.

யார் இந்த வில்லியம்?

1027 அல்லது 1028-ல், நார்மண்டியின் ஃபாலேஸ் ஊரில் பிறந்தவர். அப்பா, கோமகன் ராபர்ட். அம்மா ஹெர்லேவா. இருவருக்கும் கல்யாணம் நடக்கவில்லை. ஹெர்லேவாவின் குடும்பம் தோல் தொழில் செய்தது என்று ஒரு கதை, பிணங்களை அடக்கத்துக்குத் தயார் செய்யும் வேலை பார்த்தது என்று இன்னொரு கதை. எதுவாக இருந்தாலும், முறை தவறிப் பிறந்தவர் என்ற பேச்சு கடைசி வரை அவரை விடவில்லை. அலன்சோன் நகரத்தை அவர் முற்றுகையிட்டபோது, உள்ளே இருந்தவர்கள் தோல்களைத் தட்டிக்காட்டிக் கேலி செய்ததாகவும், பிடிபட்டதும் அவர்களின் கை கால்களை வெட்டச் சொன்னதாகவும் எழுதியிருக்கிறார்கள்.

அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்ள அவரது குழந்தைப்பருவத்தைப் பார்த்தாலே போதும். ஜெருசலேம் யாத்திரை போன ராபர்ட் திரும்பும் வழியில் 1035-ல் இறந்துபோனார். வாரிசுக்கு வயது ஏழோ எட்டோ. சிறுவனைப் பார்த்துக்கொள்ள நியமிக்கப்பட்டவர்கள் ஒவ்வொருத்தராகக் கொல்லப்பட்டார்கள். அரண்மனை நிர்வாகி ஆஸ்பெர்னை, சிறுவன் தூங்கிய அதே அறையிலேயே கழுத்தறுத்துக் கொன்றார்கள். இருபது வயதை நெருங்கும்போது, 1047-ல், பிரெஞ்சு மன்னரின் துணையோடு வால் எஸ் தூன் என்ற இடத்தில் கலகக்காரர்களைத் தோற்கடித்த பிறகுதான் வில்லியமால் கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது.

சத்தியம் செய்தாரா ஹரால்ட்?

இங்கிலாந்து மன்னர் எட்வர்டுக்குப் பிள்ளை இல்லை. அவருடைய அம்மா எம்மா, வில்லியமின் தாத்தாவுடைய சகோதரி. எட்வர்ட் தன் இளமைக்காலத்தை நார்மண்டியில் அகதியாகக் கழித்தவர். அந்தப் பாசத்தில் அரியணையைத் தனக்குத் தருவதாக எட்வர்ட் வாக்குக் கொடுத்தார் என்பதும், இங்கிலாந்தின் பெரிய பிரபுவான ஹரால்ட் நேரில் வந்து, புனிதர்களின் எச்சங்கள் மேல் கைவைத்துத் தன்னை ஆதரிப்பதாகச் சத்தியம் செய்தார் என்பதும் வில்லியமின் வாதம். 1066 ஜனவரி 5-ல் எட்வர்ட் இறந்தார். மறுநாளே ஹரால்ட் முடிசூட்டிக்கொண்டார். வாக்குத் தவறிய துரோகி என்று வில்லியம் படை திரட்டினார்.

இங்கேதான் குரோனிக்கிள்களைச் சேர்த்துப் படிப்பது சுவாரசியம். சத்தியம் நடந்தது உண்மை என்று நார்மன் தரப்பு அடித்துச் சொல்கிறது. எங்கே நடந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு ஊர். வில்லியமின் சொந்தக் குருவான வில்லியம் ஆஃப் புவாத்தியே, போன்வீல் என்கிறார். அந்தப் படத்துணி, பாயூ என்று காட்டுகிறது. பின்னால் எழுதிய துறவி ஆர்டெரிக் விட்டாலிஸ், ரூவான் என்கிறார். ஆங்கிலேயர்கள் தங்கள் மொழியில் எழுதிய ஆங்கிலோ சாக்ஸன் குரோனிக்கிளில் சத்தியமும் இல்லை, ஹரால்ட் நார்மண்டிக்குப் போன பயணமே இல்லை. மறந்துவிட்டார்களா, மறைத்துவிட்டார்களா? கேன்டர்பரி துறவி ஈட்மர் சொல்வது வேற மாதிரி. பிணைக்கைதியாக இருந்த உறவினர்களை மீட்கப்போன ஹரால்ட் வசமாக மாட்டிக்கொண்டார், தப்பிக்க வழியில்லாமல் சத்தியம் செய்தார் என்பது அவர் கதை.

புவாத்தியே பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். குருவாகும் முன்பு போர்வீரராக இருந்தவர் என்பதால் போர்க்களம் அவருக்குத் தெரியும். எழுத்து மட்டும் முழுக்க மெய்க்கீர்த்தி ரகம். வில்லியமை ஜூலியஸ் சீசரோடு ஒப்பிட்டு, சீசர்தான் ஒரு படி கீழே என்று முடிப்பார். அவருடைய புத்தகத்தின் முதல் பகுதியும் கடைசிப் பகுதியும் தொலைந்துவிட்டன. கையெழுத்துப் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1619-ல் பிரான்ஸில் அச்சான பதிப்பு இல்லையென்றால் அவர் எழுதியதே நமக்குக் கிடைத்திருக்காது.

ஒரு நாள் போர்

செப்டம்பர் 25-ல் வடக்கே ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் நார்வே மன்னரின் படையை ஹரால்ட் நொறுக்கினார். மூன்று நாள் கழித்துத் தெற்கே பெவன்சி கடற்கரையில் வில்லியம் இறங்கினார். களைத்துப்போன படையோடு ஹரால்ட் தெற்கே ஓடிவந்தார். அக்டோபர் 14, ஹேஸ்டிங்ஸ் அருகே போர். மாலைக்குள் ஹரால்ட் பிணம்.

கண்ணில் அம்பு பாய்ந்து ஹரால்ட் இறந்தார் என்றுதான் பலருக்கும் தெரியும். படத்துணியில் அப்படி ஒரு உருவம் இருக்கிறது, ஆனால் அது ஹரால்ட்தானா என்றே சண்டை ஓயவில்லை. அவர் எப்படி இறந்தார் என்பதை புவாத்தியே சொல்லவே இல்லை. மற்றொரு நார்மன் எழுத்தாளரான வில்லியம் ஆஃப் ஜூமியேஜ், போரின் முதல் மோதலிலேயே ஹரால்ட் விழுந்துவிட்டதாக எழுதிவிட்டார்.

டிசம்பர் 25, வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூட்டு விழா. உள்ளே கூட்டம் புது மன்னரை ஏற்று ஆர்ப்பரித்தது. வெளியே காவலுக்கு நின்ற நார்மன் வீரர்களுக்கு மொழி புரியவில்லை. கலவரம் என்று நினைத்துச் சுற்றியிருந்த வீடுகளுக்குத் தீவைத்தார்கள். கூட்டம் கலைந்து ஓட, மிச்சமிருந்த சிலர் முன்னால் சடங்கு முடிந்தது. அந்த நேரத்தில் வில்லியம் நடுங்கினார் என்று எழுதியிருக்கிறார் ஆர்டெரிக்.

வடக்கு எரிந்த குளிர்காலம்

கிரீடம் கிடைத்துவிட்டது, நாடு கிடைக்கவில்லை. வடக்கு இங்கிலாந்து அடங்க மறுத்தது. 1069 ஜனவரியில், வில்லியம் அனுப்பிய புதுப் பிரபுவை அவருடைய ஆட்களோடு டர்ஹாமில் கொன்றார்கள். அதே வருஷம் டென்மார்க் கப்பல்படை வந்து சேர்ந்தது. உள்ளூர்க்காரர்களும் டேனியர்களும் சேர்ந்து யார்க் நகரத்தைப் பிடித்து, அங்கிருந்த நார்மன் காவல்படையை அழித்தார்கள்.

வில்லியம் வடக்கே போனார். டேனியர்களைக் காசு கொடுத்து ஒதுங்க வைத்தார். பிறகு படையைப் பல பிரிவாகப் பிரித்து ஊர் ஊராக அனுப்பினார். தானியம், ஆடு மாடு, ஏர்க் கலப்பை, உணவு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்து எரிக்கச் சொன்னார். கலகக்காரர்களுக்குச் சோறு கிடைக்கக்கூடாது என்பது திட்டம். ஆனால் சோறு கிடைக்காமல் போனது ஊருக்கே. இதற்கு நடுவில் வின்செஸ்டரில் இருந்து கிரீடத்தை வரவழைத்து, எரிந்துபோன யார்க்கில் கிறிஸ்துமஸ் கொண்டாடினார்.

இதை யார் எப்படி எழுதினார்கள்? ஆங்கிலோ சாக்ஸன் குரோனிக்கிள், அந்தப் பகுதியை மன்னர் பாழாக்கினார் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. வூஸ்டர் மடத்துப் பதிவில், பசி தாங்காமல் ஜனங்கள் குதிரை, நாய், பூனை, கடைசியில் மனித மாமிசம் வரை தின்றதாக இருக்கிறது. டர்ஹாம் பக்கத்துப் பதிவு, யார்க்குக்கும் டர்ஹாமுக்கும் நடுவில் ஒன்பது வருஷம் ஆளிருக்கும் ஊரே இல்லை என்கிறது. தெற்கே ரொம்ப தூரம் தள்ளி இருந்த ஈவ்ஷாம் மடத்தின் பதிவுதான் எல்லாவற்றையும்விட நெஞ்சைப் பிசைகிறது. அங்கே வந்துசேர்ந்த வடக்கத்தி அகதிகளுக்கு மடாதிபதி சோறு போட்டிருக்கிறார். பட்டினி உடம்பு அந்தச் சோற்றைக்கூடத் தாங்கவில்லை. தினமும் ஐந்தாறு பேரைப் புதைக்க வேண்டியிருந்ததாம்.

பசியால் செத்தவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல் என்று எண்ணிக்கை தருபவர் ஆர்டெரிக். அந்தக் காலக் கணக்குகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஒட்டுமொத்த இங்கிலாந்தின் மக்கள்தொகையே சுமார் 20 லட்சம்தான் என்று மதிப்பிடப்படுவதால், பல ஆய்வாளர்கள் இதை மிகை என்கிறார்கள். ஆனால் ஆர்டெரிக் அந்த இடத்தில் செய்த இன்னொரு காரியம்தான் முக்கியம். அதுவரை பக்கம் பக்கமாக புவாத்தியேவைப் பின்பற்றி வில்லியமைப் புகழ்ந்தவர், இங்கே நின்றுவிடுகிறார். இந்த மன்னரைப் பல இடங்களில் பாராட்டியிருந்தாலும் இந்தச் செயலைப் பாராட்ட முடியாது, குற்றமற்றவர்களையும் குழந்தைகளையும் பட்டினியால் கொன்றதைக் கடவுள் தண்டிக்காமல் விடமாட்டார் என்று நேரடியாகவே எழுதிவிட்டார்.

அந்தத் துறவி யார்?

1075-ல் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி பக்கத்தில் பிறந்தவர் ஆர்டெரிக். அப்பா பிரெஞ்சுக் குருவானவர், அம்மா ஆங்கிலேயப் பெண். பத்து வயதில் அப்பா அவரைக் கடல் தாண்டி நார்மண்டியின் செயின்ட் எவ்ரூல் மடத்துக்கு அனுப்பிவைத்தார், கூடவே 30 மார்க் வெள்ளி காணிக்கை. போன இடத்தில் யார் பேசுவதும் புரியவில்லை. அவருடைய ஆங்கிலப் பெயர் அங்கிருந்தவர்களின் காதுக்குக் கரடுமுரடாக இருந்ததால் விட்டாலிஸ் என்று பெயர் வைத்தார்கள். வாழ்நாள் முழுக்க நார்மன் மடத்தில் இருந்துகொண்டே, தன்னை இங்கிலாந்துக்காரன் என்றே எழுதிக்கொண்டார். வடக்கு எரிந்தபோது அவர் பிறக்கவே இல்லை. அதைப் பற்றி எழுதியது அரை நூற்றாண்டுக்குப் பிறகு. அம்மா ஊர்க்காரர்களின் பசியை நார்மன் மடத்தில் உட்கார்ந்து எழுதியவர் என்று தெரிந்துகொண்டு அந்தப் பத்தியைப் படித்தால், அந்த ஒரு லட்சம் வேற மாதிரி கேட்கிறது.

1085 கிறிஸ்துமஸ் நேரத்தில் குளோஸ்டரில் வில்லியம் ஒரு உத்தரவு போட்டார். நாட்டில் எந்த நிலம் யாரிடம் இருக்கிறது, என்ன வருமானம், எத்தனை கலப்பை என்று கணக்கெடுக்கச் சொன்னார். டூம்ஸ்டே புக் என்று இன்று அழைக்கப்படும் அந்தப் பதிவேட்டில் 13,000-க்கும் அதிகமான ஊர்கள் இருக்கின்றன. ஒரு மாடு, ஒரு பன்றியைக்கூட விடாமல் எண்ணினார்கள், சொல்லவே வெட்கமாக இருக்கிறது என்று ஆங்கிலக் குரோனிக்கிள் எழுதியவர் பொருமினார். யார்க்ஷயர் பக்கங்களில் ஊருக்கு ஊர் பாழ் என்ற ஒற்றைச் சொல் வந்துகொண்டே இருக்கிறது. அத்தனைக்கும் 1069-ஐயே காரணமாகச் சொல்ல முடியாது, சில இடங்களில் வரி வராத நிலம் என்பதற்கும் அதே சொல்தான் என்று ஒரு வாதம் உண்டு. இருந்தாலும், வில்லியமே போடச் சொன்ன கணக்கு அவருக்கு எதிரான சாட்சியாகவும் ஆகிவிட்டது.

கடைசி நாட்கள்

1087-ல் பிரெஞ்சு எல்லையில் மான்ட் நகரத்தை எரித்தபோது வில்லியம் விழுந்துபோனார். வெயிலும் அலைச்சலும் கனத்த உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார் ஆர்டெரிக். குதிரைச் சேணத்தின் முனை வயிற்றில் இடித்துவிட்டது என்று இன்னொரு கதையைச் சொல்கிறார் வில்லியம் ஆஃப் மாம்ஸ்பரி. மரணப்படுக்கையில் மன்னர் பேசியதாக ஆர்டெரிக் ஒரு நீண்ட உரையையே எழுதியிருக்கிறார். அதில் வடக்கத்தி ஜனங்களைப் பசியால் கொன்றதை வில்லியமே ஒப்புக்கொண்டு அழுகிறார். அந்த அறையில் ஆர்டெரிக் இல்லை, அப்போது அவர் 12 வயதுப் பையன். மன்னர் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்ததை அவர் வாயில் வைத்துவிட்டார் என்றே ஆய்வாளர்கள் பலரும் கருதுகிறார்கள்.

செப்டம்பர் 9-ல் உயிர் போனதும் பிரபுக்கள் தங்கள் சொத்தைக் காப்பாற்றக் குதிரையேறிப் பறந்தார்கள். வேலைக்காரர்கள் ஆயுதம், பாத்திரம், துணி என்று கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு, உடலைக் கிட்டத்தட்ட நிர்வாணமாகத் தரையில் போட்டுவிட்டுப் போனார்கள். ஹெர்லுவின் என்ற கிராமத்து வீரர் ஒருவர் தன் செலவில் உடலைப் படகிலேற்றி நார்மண்டியின் கான் நகரத்துக்குக் கொண்டுபோனார். அங்கே அடக்கம் நடக்கும்போது அசெலின் என்பவர் கூட்டத்தில் எழுந்து, இந்த இடம் என் அப்பாவிடமிருந்து இந்த மன்னர் பிடுங்கியது, இங்கே புதைக்க விடமாட்டேன் என்று தடுத்தார். அக்கம்பக்கத்தினர் ஆமாம் என்று சாட்சி சொல்ல, குழிக்கு மட்டும் 60 ஷில்லிங் உடனே எண்ணிக் கொடுத்தார்கள். கல்பெட்டி சின்னதாக இருந்ததால் உடலைத் திணிக்கப்போய் வயிறு வெடித்தது. சாம்பிராணிப் புகையாலும் நாற்றத்தை அடக்க முடியவில்லை. சடங்கை அவசரமாக முடித்துவிட்டுக் குருமார்கள் ஓடினார்கள். இவ்வளவையும் ஒரு விவரம் விடாமல் எழுதியவரும் ஆர்டெரிக்தான்.

1562-ல் மதக் கலவரத்தில் அந்தக் கல்லறையை உடைத்து எலும்புகளை வீசினார்கள். கானில் உள்ள செயின்ட் எத்தியேன் தேவாலயத்தில் இன்று இருக்கும் கல்லுக்கு அடியில் இருப்பதாகச் சொல்லப்படுவது ஒரே ஒரு தொடை எலும்பு.